முன்வடமும் பின்வடமும்: பூம்பாறைக்கு ஒரு குடும்ப யாத்திரை

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் அமைந்திருக்கிறது பூம்பாறை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த வயல்களில் வெள்ளைப்பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. சாலையின் மேல் வளைவில் நின்று நோக்கினால், நவராத்திரிக் கொலுப்படிகளின் நடுவே அடுக்கிய செப்புச் சாமான்களைப் போல ஊரின் வீடுகள் நெருங்கித் தோன்றும். அவ்வீடுகளுக்கு நடுவே எழுந்தருளியிருக்கிறார் குழந்தை வேலப்பர்.

மூலவர் திருமேனி, போகர் சித்தர் நவபாஷாணத்தால் அமைத்தது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. பழனியாண்டவரின் திருமேனியைப் பற்றியும் அவ்வாறே சொல்வர். திருப்புகழில் இத்தலம் பூம்பறை என்று வழங்கப்படுகிறது. அருணகிரிநாதர் இங்கு வந்து வழிபட்டு, இரவு இத்தலத்திலேயே துயின்றாராம். அப்போது அரக்கி ஒருத்தி அவரைக் கொல்ல வந்தாள். முருகப்பெருமான் குழந்தை வடிவெடுத்து, காவியாடை போர்த்துத் துயின்ற அடியவரின் அருகில் இருந்தார். தாயும் சேயும் உறங்குவதாக எண்ணிய அரக்கி, கொல்ல மனமின்றித் திரும்பிப் போனாள். அன்று முதல் இப்பெருமான் குழந்தை வேலப்பர் ஆனார் என்கிறது தலவரலாறு.

மலையேறி வந்து களைத்துத் துயின்ற ஒரு பயணிக்குக் காவலிருந்த கடவுள் இவர். ஆகவே, பெரியோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பத்துடன் மலைவழி செல்வோர் வணங்குவதற்கு ஏற்ற தெய்வம். ஆயினும், காக்கும் கடமை முழுவதையும் கடவுளிடமே விட்டுவிடுவது பக்தியாகாது. யாத்திரைக்குரிய வாகனத்தைப் பக்குவமாகச் சித்தம் செய்து கொள்வதும் வழிபாட்டின் ஒரு பகுதியே.

டோலியிலிருந்து ஜீப் வரை

மோட்டார்ச் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான நடைபாதை வழியாகவே கொடைக்கானலுக்கு ஏறினர். நடக்க முடிந்தவர் நடந்தனர். வசதி படைத்தவர் மட்டக்குதிரையில் சென்றனர். முதியோரையும் நோயாளிகளையும் டோலியில் சுமந்து சென்றனர். வத்தலகுண்டு வழியாக மலைச்சாலை அமைந்த பிறகே சக்கரங்கள் மேலே ஏறின.

நாட்டு விடுதலைக்குப் பின் மலைநாட்டின் வாகனமாக நிலைபெற்றது ஜீப். 1947இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. போர்க்களத்துக்கென்று பிறந்த வண்டி, தோட்டங்களிலும் காட்டிலாகாவிலும் வயிற்றுப்பிழைப்புக்கு உழைத்தது. இப்போது அவ்விடத்தைப் பெரிதும் பிடித்திருப்பது பிக்கப். பூம்பாறைப் பகுதியின் பூண்டு, மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போவது இத்தகைய வண்டிகளில்தான். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. பழனிப் பஞ்சாமிர்தமும் அதே ஆண்டில்தான் அக்குறியீட்டைப் பெற்றது. மலைமேல் விளைந்த பொருளுக்கும் மலையடிவாரத்தின் பிரசாதத்துக்கும் ஒரே ஆண்டில் சிறப்புக் கிடைத்ததை முருகனடியார்கள் மகிழ்ச்சியோடு குறிப்பிடுவர்.

முன்னால் குடும்பம் அமர அறையும், பின்னால் சுமையேற்றத் திறந்த தட்டும் கொண்ட வண்டியை ஆஸ்திரேலியாவில் யூட் என்பார்கள். அதன் பிறப்பைப் பற்றிய செய்தி சுவையானது. 1932இல் விக்டோரியா மாநிலத்தின் கிப்ஸ்லாந்துப் பகுதியைச் சேர்ந்த குடியானவர் ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்லவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இரண்டு வண்டிகள் வாங்க வசதியில்லை. லூ பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அதற்கேற்ப ஒரு வண்டியை வரைந்தார். 1934இல் அது விற்பனைக்கு வந்தது. வார நாளில் பூண்டு மூட்டை, கிருத்திகை நாளில் குடும்பத்தோடு வேலப்பர் தரிசனம் என்று வாழும் மலைநாட்டார்க்கு அந்தக் குடியானவர் மனைவியின் தேவை எளிதில் விளங்கும்.

இந்தியாவில் இஸுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டை அறைப் பிக்கப்புகளைச் சொந்த உபயோகத்திற்கு வெள்ளைப் பலகையுடன் பதிவு செய்யலாம். ஐந்து பேர் அமரலாம். நான்கு சக்கரங்களும் இயங்கும் வசதி உண்டு. அண்மைக் காலத்தில் குடும்பத்துடன் நெடுந்தூரத் தலயாத்திரை செல்வோர் சிலர் இத்தகைய வண்டிகளை விரும்பி வாங்கி, பின்தட்டில் சமையல் பெட்டியும் பக்கவாட்டில் நிழல் விரிப்பும் பொருத்தி ஆயத்தம் செய்கின்றனர். முறையாகச் செய்தால் நல்ல ஏற்பாடு. முறை தவறினால் அதுவே ஆபத்து.

நான்கு சக்கர இயக்கம் தேவையா?

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குத் தார்ச்சாலை உண்டு, பேருந்தே செல்கிறது. சாதாரணக் காரில் வரும் அன்பர்களுக்கும் வேலப்பர் தரிசனம் தடையின்றிக் கிட்டும். மழையில் ஊறிய தோட்டப் பாதையிலும், களிமண் ஏற்றத்திலும், புல் சரிவிலும்தான் நான்கு சக்கர இயக்கம் கைகொடுக்கும்.

இதைப் பயன்படுத்தும் விதத்தையும் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலான பிக்கப்புகளில் வழக்கமாகப் பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும். நான்கு சக்கர நிலைக்கு மாற்றும்போது முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று அதிக தூரம் ஓட வேண்டும். ஈர மண்ணில் சக்கரம் சிறிது வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லை. இறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களில் ஏறும். ஆகவே கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த உலர்ந்த மலைச்சாலையில் அந்நிலையைத் தொடலாகாது.

வேறொரு நிலையும் உண்டு. நான்கு சக்கர இயக்கத்தில் மெதுவான கியர் வரிசை என்று அதைச் சொல்லலாம். வேகம் மிகக் குறையும், இழுவிசை பெருகும். செங்குத்தான மண்பாதையில் ஏறுவதற்கு அது உதவுவது பலருக்கும் தெரியும். இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதில்தான் அதன் பெருமை இருக்கிறது என்பதை அனுபவசாலிகளே அறிவர். இதை விளக்கப் பூம்பாறைத் தேரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

தேர் கற்பிக்கும் பாடம்

தைப்பூசத்தை ஒட்டிப் பூம்பாறையில் தேர்த்திருவிழா நடைபெறும். சமவெளிக் கோயில்களில் தேருக்கு முன்புறம் மட்டுமே வடம் பூட்டுவது வழக்கம். இங்கோ முன்னும் பின்னும் வடம் பூட்டப்படுகிறது. ஊரின் வீதிகள் ஏற்றமும் இறக்கமுமானவை. ஏற்றத்தில் முன்வடம் பிடித்தோர் இழுப்பர். இறக்கத்தில் பின்வடம் பிடித்தோர் தேரைத் தாங்கிப் பிடித்து, அது தன் பாரத்தாலேயே ஓடிவிடாதபடி மெல்ல மெல்ல விடுவர். முன்வடத்தார் இழுக்காவிட்டால் தேர் நிற்கும், அவ்வளவுதான். பின்வடத்தார் கைவிட்டால் தேரும் தெருவும் என்னாகும்?

மலைப்பாதையில் வாகனத்துக்கும் இதுவே நியதி. வண்டி வாங்குவோர் எஞ்சினின் குதிரைத்திறனைக் கேட்கிறார்கள், அது முன்வடம். பிரேக், டயர், சுமையின் அளவு, ஓட்டுநரின் நிதானம் ஆகியவை பின்வடம். குடும்பத்தைக் காப்பது இந்தப் பின்வடமே.

எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் விதி. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை நடுநிலையில் வைத்து வண்டியை உருட்டிவிடுவது, பின்வடத்தை அறுத்துவிட்டுத் தேரைத் தள்ளுவதற்குச் சமம். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறி, கருகிய நாற்றம் வீசி, கடைசியில் பிடிக்கும் வலிமையை இழக்கும். அந்த நாற்றம் வந்ததும் அகலமான இடத்தில் ஒதுங்கி, அரைமணி நேரம் ஆறவிட வேண்டும். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது தவறு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றிவிடுதல் நலம்.

தேருக்கு முட்டுக்கட்டை போடுவோரைப் போல, வண்டியிலும் இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் இருக்கட்டும். சரிவில் நிறுத்தும்போது கைபிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வழியில் கிடக்கும் கல்லை எடுத்து வைப்போர், புறப்படும்போது அதனை அப்புறப்படுத்த மறந்துவிடுகின்றனர். இருளிலும் மூடுபனியிலும் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அக்கல் எமனாகும். நம் வண்டிக்குக் காவலாக வைத்தது பிறர் உயிருக்குப் பகையாகலாமா?

எலுமிச்சம்பழம் வைக்குமுன்

யாத்திரை புறப்படுமுன் வண்டிக்கு மாலையிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிச் செல்வது நம் வழக்கம். அதற்காகக் குனிபவர், குனிந்தபடியே டயரையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டால் அந்தப் பூஜை முழுமை பெறும். டயரின் வரிப்பள்ளம் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்பது விதி. மலைக்கு அதைவிட ஆழமாக இருப்பதே பாதுகாப்பு. பக்கச் சுவரில் வெடிப்போ புடைப்போ இருந்தால் மாற்றிவிட வேண்டும். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான்.

அடுத்தது சுமைக் கணக்கு. வரவு செலவு எழுதுவதுபோல ஒரு தாளில் இதனை எழுதிப் பார்க்கலாம். ஐந்து பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 300 கிலோ. 20 லிட்டர் தண்ணீர்க் குடங்கள் இரண்டு, 40 கிலோ. அடுப்பும் பாத்திரமும் 25; மெத்தை, கம்பளி 30; நிழல் விரிப்பு, மடக்கு நாற்காலி, மேசை 40; கயிறு, மண்வெட்டி, ஜாக்கி முதலிய கருவிகள் 25; துணிமணிகள் 50. கூட்டினால் 510 கிலோ. அரை டன்னைத் தாண்டிவிட்டது! வண்டியின் பதிவுச் சான்றிதழில் வெற்று எடையும் மொத்த எடை வரம்பும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் நாம் ஏற்றத்தக்க பாரம். கூரைக்கம்பி, இரும்புப் பெட்டி என்று கூடுதலாகப் பொருத்திய ஒவ்வொன்றின் எடையும் அதிலிருந்து கழியும்.

கனமானவை தாழவும், இரு அச்சுகளுக்கு இடையிலும் இருக்க வேண்டும். தண்ணீரும் கருவிகளும் தட்டின் முன்பகுதியில், அறையின் முதுகுப்புறத்தை ஒட்டி அமையட்டும். மெத்தை போன்ற இலேசானவை மட்டும் மேலே போகலாம். கூரையில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும் தன்மை மிகும். தட்டிலுள்ள எல்லாவற்றையும் பட்டைக்கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கட்டப்படாத ஒரு தேங்காய்கூட எறிகல் ஆகிவிடும்.

அழகுக்காகவும் மிடுக்குக்காகவும் செய்யும் மாற்றங்களில் எச்சரிக்கை தேவை. வண்டியின் அடிப்படை அமைப்பை உற்பத்தியாளர் தந்த நிலையிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. முன்புற இரும்புக் காப்புக் கம்பிகள் அப்பிரிவுக்கு முரணானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அறிவுறுத்தியது. விபத்து நேர்ந்தால் இத்தகைய மாற்றங்களைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

பின்தட்டில் ஆள் ஏறலாகாது

எல்லாவற்றிலும் முக்கியமான செய்தி இது. காதுகுத்து, நேர்த்திக்கடன், திருவிழா என்று வரும்போது, சரக்கு வண்டியின் திறந்த தட்டில் உற்றார் உறவினரை நிறுத்தியும் உட்காரவைத்தும் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. செல்லமாகக் குட்டியானை என்று பெயரிட்ட சிறு வண்டியிலும் இருபது பேர் ஏறுகிறார்கள். கோயிலுக்குச் சென்று திரும்பியோர் வண்டி கவிழ்ந்து மாண்ட செய்தியை நாளிதழில் படித்து நெஞ்சம் பதறாதவர் யார்? தட்டில் இருக்கையில்லை, பெல்ட் இல்லை, மேலே காப்பில்லை. வளைவில் அனைவரும் ஒரே பக்கம் சாயும்போது அந்தச் சாய்வே வண்டியைக் கவிழ்த்துவிடும். சரக்குத் தட்டில் பயணிகளை ஏற்றுவது சட்டப்படியும் குற்றம்.

இருக்கை ஐந்து என்றால் ஐவர் மட்டுமே. ஆறாவது ஆளுக்குப் பேருந்து இருக்கிறது. இல்லையேல் வேறொரு கார் அமர்த்தலாம். “மலைமேல்தானே, கொஞ்ச தூரம்தானே” என்று பேரப்பிள்ளைகளைத் தட்டில் ஏற்ற முனைவோரைத் தடுத்து நிறுத்தும் உரிமையும் கடமையும் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. மகனும் மருமகனும் மறுத்தாலும், பெரியவர் சொல் ஓர் உயிரைக் காக்கும் தருணம் அது.

முதியோருக்கான ஏற்பாடுகள்

வண்டியின் ஆயத்தத்தைக் குடும்பத்தின் மூத்தவரிடமிருந்து தொடங்க வேண்டும். பிக்கப்பின் தளம் உயரமானது. முழங்கால் வலியுள்ளோர் ஏறுவது கடினம். பக்கவாட்டில் அகலமான மிதிபடியும் உட்புறத்தில் உறுதியான கைப்பிடியும் இருக்க வேண்டும். அதோடு ஓர் உயரக் குறைவான மரப்பலகையை உடன்வைத்துக்கொண்டால் ஏறி இறங்கும் துன்பம் பாதியாகும். வளைவுகளில் தலைச்சுற்றல் காண்போரை முன்னிருக்கையில் அமர்த்தி, நேரே சாலையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வயிறு நிறைய உண்டுவிட்டும் மலையேறலாகாது. வெறும் வயிற்றோடும் ஏறலாகாது. இரண்டு இட்டலி போதும். காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும்.

மாத்திரைகள், மருத்துவச் சீட்டு, கண்ணாடி, கம்பளிக் குல்லாய் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பின்தட்டின் அடியில் புதைந்து போகலாகாது. இன்சுலினைச் சூடான எஞ்சின் பக்கமும் வைக்கக் கூடாது. உறையும் குளிரிலும் விடக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, எல்லோரும் இறங்கிச் சற்று நடக்க வேண்டும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளோர் முன்னதாக மருத்துவரைக் கலந்து, சென்ற முதல் நாளில் ஏற்றம் ஏறாமல் ஓய்வெடுப்பது நலம்.

காற்றழுத்தம் குறைவதால் சமையலும் மாறும். பூம்பாறை உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. குக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். பருப்பை முன்கூட்டியே ஊறவைத்தால் எரிவாயுவும் மிஞ்சும். 5 கிலோ எரிவாயுச் சிலிண்டரை நிமிர்ந்த நிலையில் கட்டி, திறந்த வெளியில் மட்டுமே அடுப்பு மூட்ட வேண்டும்.

பகலில் முகாம், இரவில் விடுதி

இப்பகுதியின் காடுகள் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக 2013இல் அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதும், தீ மூட்டுவதும், கூடாரமடித்துத் தங்குவதும் கூடா. காட்டுமாடுகள் அந்தி வேளையில் சாலைக்கே வந்து நிற்கும். அவற்றைக் கண்டால் விளக்கைப் பாய்ச்சாமல், ஒலி எழுப்பாமல், அவை விலகும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே முதியோருடன் செல்லும் குடும்பத்துக்கு ஏற்ற முறை ஒன்றுதான்: உரியவர் இசைவு பெற்ற இடத்தில் பகலில் நிழல் விரிப்பை விரித்து, நாற்காலி போட்டு, சமைத்து உண்டு இளைப்பாறலாம். இருட்டுவதற்கு முன் முறையான விடுதிக்குச் சென்றுவிட வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் இங்கு உறைபனி விழுவதுண்டு. குளிருக்கு அஞ்சி மூடிய அறையிலோ வண்டியிலோ கூடாரத்திலோ கரியடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே உலைவைக்கும். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவர் விழித்துக்கொள்ளவே மாட்டார். எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உறங்குவதும் அவ்வாறே ஆபத்தானது. கூடுதலாக இரண்டு கம்பளிகளே போதுமான கணப்பு.

வழியும் தரிசனமும்

மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 120 கி.மீ. அதிகாலையில் புறப்பட்டால் காட்ரோட்டில் ஏற்றம் தொடங்கும்போது வெயிலும் ஏறியிருக்காது. மூடுபனியும் விலகத் தொடங்கியிருக்கும். டம்டம் பாறையில் நின்றால் எதிரே தலையாறு அருவி வெள்ளி நூலாக இறங்குவதைக் காணலாம். எலிவால் அருவி என்றும் அதற்குப் பெயர். பெருமாள்மலையில் பழனியிலிருந்து ஏறிவரும் சாலை வந்து சேர்கிறது. பழனியாண்டவரை வணங்கிவிட்டு வரும் அன்பர்களுக்கு அதுவே வழி.

கொடைக்கானலில் 1936இல் எழுப்பப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் வணங்கி, வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே கீழே பழனி மலையையும் தரிசிக்கலாம். பின்னர் பூம்பாறைச் சாலை. மலைச்சாலையில் எதிரெதிரே வண்டிகள் வந்தால் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை; இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இந்த விதியைப் பின்பற்றினால் பூண்டு மூட்டையோடு திணறி ஏறும் ஓட்டுநர் கையெடுத்துக் கும்பிடுவார்.

கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது. புறப்படுமுன்பே இணையத்தில் அதனைப் பெற்றுவிடுவது நல்லது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் மலையில் தடையுள்ளது. வீட்டுச் செம்பிலும் குடத்திலும் தண்ணீர் கொண்டுசெல்வது நம் பாட்டிமார் கற்றுத்தந்த பழக்கந்தானே! கொண்டுசென்ற குப்பையை ஒரு பையில் கட்டித் திரும்பக் கீழே கொண்டுவரவும் பின்தட்டில் இடம் ஒதுக்க வேண்டும்.

ஊருக்குள் வீதிகள் குறுகலானவை. பெரிய வண்டியைக் கோயில் வாசல்வரை நுழைத்து ஊராரின் வழியை மறிக்காமல், அகன்ற இடத்தில் நிறுத்திக் கட்டை கொடுத்துவிட்டு, பெரியவர்களைக் கைப்பிடித்து மெல்ல நடத்திச் செல்வதே முறை. நடை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக் கொண்டால் காத்திருக்க நேராது. திரும்பும்போது ஊர்ச் சந்தடியில் ஒரு கட்டு மலைப்பூண்டு வாங்கிக்கொண்டால் விளைவித்தவர் கைக்கும் பொருள் சேரும். வீட்டு ரசத்துக்கும் மணம் சேரும்.

குழந்தை வேலப்பர் சன்னிதியில் நிற்போர் வேண்டுவது பெரும்பாலும் ஒன்றுதான்: போனவர் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். அந்த வேண்டுதலுக்குத் துணையாக நம் கையில் இருப்பவை தாழ்ந்த கியர், அளவான சுமை, ஐந்து இருக்கைக்கு ஐந்து பேர், இருட்டுமுன் தங்கல் என்ற நான்கு நெறிகள். பின்வடத்தைக் குடும்பமே பிடித்துக்கொள்ளட்டும். மலைவழியில் வேலும் மயிலும் துணைவரும்.